மறு: ஆம்ஸ்ஹவுஸுக்குத் தமிழ் என்ன? சனிக்கு முன்னம் வேணும்

(லண்டன்)
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க வார இறுதித் தமிழ்ப் பள்ளியில படிப்பிக்கிறன். வாற சனி பிள்ளையளை ஹொக்ஸ்டனில இருக்கிற மியூசியம் ஒஃப் த ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போறம், தமிழில ஒரு பக்கத் தாள் அடிக்கோணும், முதல் வரியிலயே நிண்டுட்டன். அந்தக் கட்டடம் 1714ல கட்டின ஆம்ஸ்ஹவுஸ், அதாவது வசதியில்லாத வயசானவை குடியிருக்கத் தானமாக் கட்டிக் குடுக்கிற வீடு. லண்டன் மேயரா இருந்த ரொபர்ட் ஜெஃப்ரி எழுதி வச்சிட்டுச் செத்த காசில இரும்பு வியாபாரிகள் சங்கம் கட்டினது. 14 வீடு, வீட்டுக்கு 4 அறை, கூடுதலா இரும்பு வியாபாரிகளின்ர விதவையள் தான் இருந்தவை. 14ம் நம்பர் வீட்டில ஒரு அறையை 1780கள் மாதிரியும் இன்னொண்டை 1880கள் மாதிரியும் திருத்தி வச்சிருக்கினம். போய்ப் பாத்தன், கட்டில் மேசை கணப்பு எல்லாம் அந்த ஒரே அறைக்குள்ள, கிழவி தானே தான் பாத்துக்கொள்ளோணும். இதுக்கு என்ன சொல்?

(தஞ்சாவூர்)
தர்ம சத்திரம்னு போடுங்கம்மா. இங்க ஒரத்தநாட்டுல சரபோஜி மன்னர் கட்டுன முத்தாம்பாள் சத்திரம் இருக்கு, சத்திரம்னா யாருக்கும் புரியும்.

(மதுரை)
ஐயா, சத்திரத்துல வர்றவன் சாப்ட்டுப் படுத்து காலைல கிளம்பிருவான். இங்க சாகுற வரைக்கும் குடியிருந்திருக்காங்க. அதோட சத்திரம் வடசொல். மணிமேகலைல சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமா மாத்துனாங்க, ஊர்ப் பொதுவிடத்துக்கு உலக அறவின்னு பேரு. 'அறவி'ன்னு வைங்க, ரெண்டு மாத்திரைல முடிஞ்சிரும்.

(கோவை)
மூணு மாத்திரைங்க. அறவின்னா பத்து வயசுப் பையனுக்கு என்ன புரியுமுங்க, பிறவியத்தான் தப்பா அடிச்சிருக்காங்கன்னு நெனப்பான்.

(தஞ்சாவூர்)
சரி, சத்திரம் வேண்டாம். விதவை இல்லம்?

(சென்னை)
வேணாம் சார், அந்த வார்த்தையே கஷ்டமா இருக்கு. புறநானூறு 280ல மொட்டத்தலையோட அல்லியரிசி தின்னு கெடக்குற கழிகல மகளிர், அதான் நகையெல்லாம் கழட்டின விதவைங்க, வர்றாங்களே, நம்ம விதவைன்னாலே அந்தப் படம்தான் மனசுல வருது. லண்டன் பாட்டிக்குத் தனி ரூம் இருந்திருக்கு!! முதியோர் இல்லம்னாலும் நர்ஸ், வார்டுன்னு நெனச்சிப்பாங்க.

(மதுரை)
ஆம்ஸ்ங்கிறதே, அதாவது ஏழைக்குக் குடுக்குற தானம், கிரேக்கத்துல இரக்கத்துக்கான சொல்லுலேருந்து வந்ததுதான். நமக்கு இரக்கம், இரத்தல், இரவலர் எல்லாம் 'இர'ங்கிற ஒரே வேர்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றேன், ஒருத்தரும் காதுல வாங்கல. 'இரக்கில்லம்'?

(கோவை)
கருமாதி வீடு மாதிரி இருக்குதுங்க. சிம்பிளா 'அறவீடு'.

(லண்டன்)
ஐயோ, எங்கட பக்கம் அறவீடு எண்டா வரி, கட்டணம் வாங்குறது. தாய் தேப்பன்மார் இலங்கையில இருந்து வந்தவை, வாசலில காசு கேப்பினமோ எண்டு எனக்கு போன் அடிப்பினம்.

(சென்னை)
அதெல்லாம் இருக்கட்டும், 'அறம்'னே வைக்கலாமா? ஜெஃப்ரிக்கு அடிமை வியாபாரத்துலயும் பணம் இருந்துச்சு. 2020ல அந்த வாசல் மேல இருக்கிற சிலைய எடுக்கணும்னு பெரிய தகராறே நடந்துது. ஜனங்க எடுக்கச் சொன்னாங்க, மியூசியம் எடுக்கல. நாம போய் நைசா அறம்னு பட்டம் கட்டுறோம்.

(தஞ்சாவூர்)
பணம் வந்த வழி வேற, தங்குன கெழவி வேற. பேரு வீட்டுக்குத்தான், அவருக்கில்ல.

(சென்னை)
அந்தக் கதைய தாள்ல ஒரு வரியாவது போடணும். இல்லன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

(லண்டன்)
போடுறன் அக்கா. 1911ல சங்கம் கட்டடத்தை வித்ததையும், நெரிசலான அந்த இடத்தில முன் தோட்டம் வெறும் நிலமா மிஞ்சோணும் எண்டு தான் கவுன்சில் வாங்கினதையும், 1914ல மியூசியமானதையும் போடுறன். ஆனா இண்டைக்கு வெள்ளி, பிரிண்டருக்குக் குடுக்கோணும். 'அற இல்லம்', பக்கத்தில ஆம்ஸ்ஹவுஸ். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?

(கோவை)
சரிங்க.

(தஞ்சாவூர்)
போட்டுடுங்கம்மா. சேர்த்து எழுதிடாதீங்க, அறவில்லம்னு ஆயிடும், பசங்க வில்லன்னு படிப்பாங்க.

(மதுரை)
பிரிச்சு எழுதுனா 'அற'வுக்கு 'இல்லாம'ன்னும் ஒரு பொருள் இருக்கு, குற்றம் அற, ஐயம் அறன்னு சொல்றோமே. அப்ப அற இல்லம்னா வீடே இல்லாத வீடு. அறவின்னு நான் அப்பவே சொன்னேன். என் எதிர்ப்பை பதிவு பண்ணிக்குங்க.