சென்னையின் எஃப்சி: ஓவன் காயிலும் அவருடைய பயிற்சிக் குழுவும் தொடர வேண்டுமா?

(இந்தியன் சூப்பர் லீக், அதாவது ஐஎஸ்எல் கால்பந்தின் 2024-25 சீசன் முடிந்ததும் சென்னை அணியின் ரசிகர்கள் எழுதியவை. தலைமைப் பயிற்சியாளர் காயில் பிறகு 2025இல் விலகினார்.)

பெரம்பூர் நீலன் எழுதியது:

மூன்று சீசன்களின் புள்ளிப்பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனம் ஆறவில்லை. 2022-23இல் தாமஸ் பிரடாரிச் பயிற்சியில் 20 ஆட்டங்களில் 27 புள்ளிகள், எட்டாம் இடம். அவரை அனுப்பிவிட்டு ஓவன் காயிலைத் திரும்ப அழைத்தார்கள். 2023-24இல் 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள். ஆறாம் இடம், 2020க்குப் பிறகு முதல் பிளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்று). இப்போது முடிந்திருக்கும் 2024-25இல் 24 ஆட்டங்களில் மறுபடியும் அதே 27. பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம். ஆட்டங்கள் கூடிக்கொண்டே போகின்றன, புள்ளிகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

காயில் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2019 டிசம்பரில் அவர் முதன்முறை வந்தபோது நம் அணி ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகளுடன் தவித்துக்கொண்டிருந்தது. அதே வீரர்களை வைத்துக்கொண்டு நான்காம் இடத்துக்கு ஏற்றினார். அரையிறுதியில் கோவாவை இங்கே 4-1 என்று வென்று, அங்கே 4-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். கொரோனாவால் காலி அரங்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றது இன்னும் வலிக்கிறது. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே ஆகியோர் சேர்ந்து ஆடிய அந்தச் சில மாதங்களைப் போன்ற தாக்குதல் ஆட்டத்தை அதற்குப் பிறகு சென்னையில் நான் பார்க்கவே இல்லை.

ஆனால் இந்த சீசனை எப்படி ஏற்றுக்கொள்வது? முதல் ஆட்டத்திலேயே ஒடிசாவை அவர்கள் ஊரில் 3-2 என்று வீழ்த்தினோம். ஜாம்ஷெட்பூருக்குப் போய் 5-1 என்று அடித்தோம். இப்படி ஆடத் தெரிந்த அணி, சீசன் முழுவதும் இரண்டே ஆட்டங்களில் வென்ற கொல்கத்தாவின் மொகமதன் அணியிடம் நம் நேரு மைதானத்தில் 1-0 என்று தோற்றது. கொல்கத்தாவில் அவர்களோடு மறுபடி ஆடியபோது 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்து 2-2. பட்டியலின் கடைசி அணியிடமிருந்து எடுக்க வேண்டிய ஆறு புள்ளிகளில் நமக்குக் கிடைத்தது ஒன்று. ஜெயித்திருந்தால் 32. அதுகூட பிளே-ஆஃபுக்குப் போதாது, ஆனால் பதினோராம் இடம் என்ற அவமானம் இருந்திருக்காது.

என் மகள் நம் வீரர் கானர் ஷீல்ட்ஸ் பெயர் போட்ட சட்டையை அணிந்துகொண்டு மைதானத்துக்கு வருகிறாள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. காயிலும் அவர் குழுவும் அப்படியே தொடர வேண்டுமா? தலைமைப் பயிற்சியாளரை மட்டும் மாற்றினால் போதுமா? எல்லோரையும் மாற்ற வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோபத்தில் எழுதும் ஒரு வரிப் பதில்கள் வேண்டாம்.

-----

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

நீலன் தம்பி, நான் வடசென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். மாவட்ட லீகில் பின்களத்தில் ஆடியவன். உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துவிட்டுப் பேசலாம்.

முதலில் நம் கிளப்பின் வரலாற்றைப் பாருங்கள். 2015இல் பயிற்சியாளர் மட்டராஸியின் அணி சீசன் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்தது. அவரை மாற்றவில்லை. அணி வரிசையாக ஜெயித்து மேலே வந்தது. வெள்ளத்தால் சென்னையில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவின் சொந்த ஃபடோர்டா அரங்கில் அவர்களை 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு அதே மட்டராஸியை வைத்துக்கொண்டு எட்டு அணிகளில் ஏழாம் இடம்.

பிறகு ஜான் கிரெகரி வந்தார். வந்த முதல் சீசனிலேயே பெங்களூருவில் சேத்ரியின் அணியை 3-2 என்று வென்று கோப்பை. நம் பின்கள வீரர் மைல்சன் ஆல்வெஸ் கார்னர்களில் எழும்பித் தலையால் முட்டிய அந்த இரண்டு கோல்களை என் பையன்களுக்கு இன்றைக்கும் காட்டுகிறேன். அதற்கு அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 9 புள்ளிகள், கடைசி இடம். அப்போதும் கிளப் அவரை வைத்துக்கொண்டது. அந்த ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிவரை போனார். ஆனால் புதிய சீசன் தொடங்கியதும் சரிந்தது. நவம்பர் முடிவில் விலகினார். காயில் வந்தார்.

இதை வைத்து, 'பார்த்தீர்களா, மாற்றியதால்தான் இறுதிக்குப் போனோம்' என்று பலர் சொல்கிறார்கள். முழு உண்மை அது அல்ல. வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் ஷெம்ப்ரியும் கிரெகரி இருந்த கோடையில் வந்தவர்கள். அவர் காலத்தில் சேர்ந்த அணியைக் காயில் சரியாக ஆட வைத்தார். பொறுமைக்கும் அதில் பங்கு இருக்கிறது, மாற்றத்துக்கும் இருக்கிறது. ஆகவே பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்பதற்கு நம் வரலாற்றில் ஒரே விடை கிடையாது.

என்னை உறுத்துவது வேறு விஷயம். 2020க்குப் பிறகு சாபா லாஸ்லோ, போஸிதார் பாண்டோவிச், பிரடாரிச், மறுபடி காயில் என்று ஆட்கள் மாறினார்கள். லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 11 டிரா. தோற்காது, ஜெயிக்கவும் ஜெயிக்காது. பாண்டோவிச் கோவாவிடம் 5-0 என்று தோற்றதும் வேலையை இழந்தார். ஒவ்வொருவரும் தனக்கென்று உதவிப் பயிற்சியாளரையும் உடற்தகுதிப் பயிற்சியாளரையும் விரும்புவார். வெளிநாட்டு வீரர்களையும் தன் ஆட்ட முறைக்கு ஏற்றபடி கேட்பார். அவர் போகும்போது எல்லோரும் போய்விடுவார்கள். எந்த வீரரின் முழங்கால் எத்தனை நிமிடம் தாங்கும், எந்தப் பையன் திட்டினால் நன்றாக ஆடுவான், எவன் திட்டினால் சுருங்கிப்போவான் என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்காது. அவை கூட இருந்த மனிதரின் தலையில் இருப்பவை. ஒவ்வொரு முறையும் சமையல்காரரை மாற்றும்போது அடுப்பையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் சோறு எப்போது வேகும்?

2022இல் பாண்டோவிச் போனதும் அணியைக் கையில் எடுத்தவர் சையது சபீர் பாஷா. இந்தியாவுக்கு ஆடியவர், கிரெகரி கோப்பை வென்றபோது உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். அப்படி ஒருவர் உள்ளே இருந்ததால்தான் அந்த சீசனின் மீதி ஆட்டங்களை ஓட்ட முடிந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018இல் நம் நடுக்களத்தில் நின்றார். அடுத்த கணேஷ் எந்தத் தெருவில் ஆடிக்கொண்டிருக்கிறான் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். பிரீ-சீசனுக்கு வந்து இறங்கும் வெளிநாட்டு உதவியாளருக்குத் தெரியாது.

என் பதில் இதுதான். காயிலுக்கு இன்னொரு சீசன் கொடுக்கலாம். இர்ஃபான் யாத்வாட் போன்ற இளைஞரை இந்திய அணிவரை வளர்த்த கை அது. தாக்குதலில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தடுப்பாட்டத்துக்கும் கார்னர், ஃப்ரீ கிக் தடுப்புக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும். அவரும், ஒரு தமிழ் தெரிந்த உதவிப் பயிற்சியாளரும், கோல்கீப்பர் பயிற்சியாளரும், உடற்தகுதிப் பயிற்சியாளரும் கிளப்பின் ஆட்களாக இருக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் யார் வந்தாலும் போனாலும் அவர்கள் இருக்க வேண்டும். 2-0 என்று முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நேரத்தில் பெனால்டி பெட்டிக்குள் ஆளைப் பிடிக்காமல் நிற்பது பின்களத்தில் ஆடிய எனக்குத் தாங்கவில்லை. பயிற்சியில் தினமும் செய்தால் சரியாகக்கூடிய விஷயம் அது.

-----

லங்காஷயர் தமிழன் எழுதியது:

பயிற்சியாளர் போகும்போது எல்லோரும் போய்விடுவார்கள் என்று ஸ்டாப்பர் அண்ணா சொன்னதற்குக் காயிலின் வாழ்க்கையிலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் பகுதியில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் பர்ன்லி கிளப்பின் ரசிகர்கள் முகம் மாறும்.

2009இல் வெம்பிளியில் ஷெஃபீல்டு யுனைடெடை 1-0 என்று வென்று பர்ன்லியைப் பிரீமியர் லீகுக்குக் கொண்டுபோனவர் அவர். 2010 ஜனவரியில், சீசன் பாதியில், பக்கத்து ஊரான போல்டனுக்குப் போய்விட்டார். உதவிப் பயிற்சியாளர்களான சாண்டி ஸ்டூவர்ட்டும் ஸ்டீவ் டேவிஸும் கூடவே போனார்கள். ஒரே நாளில் பயிற்சி அறை காலியானது. புதிதாக வந்த பிரையன் லாஸால் சரிவை நிறுத்த முடியவில்லை, பர்ன்லி தரமிறங்கிக் கீழ் லீகுக்குப் போனது.

போல்டன் கதையும் கேளுங்கள், ஏனென்றால் நம் கிளப் இன்று நிற்கும் இடம் அதுதான். 2012இல் போல்டன் ஒரே ஒரு புள்ளியில் தரமிறங்கியது. காயிலை வைத்துக்கொண்டார்கள். கோடை முழுவதும் அவர் விருப்பப்படி அணியைச் சேர்த்தார்கள். அக்டோபரில் நீக்கிவிட்டார்கள். வைத்துக்கொண்டது தவறு என்றோ நீக்கியது தவறு என்றோ நான் சொல்ல வரவில்லை. இரண்டையும் நான்கைந்து மாதத்துக்குள் செய்ததுதான் கெடுத்தது.

பர்ன்லி பின்னாளில் நேர்மாறாக நடந்துகொண்டது. 2015இல் பயிற்சியாளர் ஷான் டைச்சோடு தரமிறங்கினார்கள், அவரை நம்பினார்கள், 2016இல் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பை வென்று திரும்பினார்கள். ஜெர்மனியில் ஃப்ரைபர்க்கும் அதே ஆண்டுகளில் கிறிஸ்டியன் ஸ்ட்ரைக்கை வைத்து அதையே செய்தது. ஆனால் இந்த இரண்டு கிளப்களிலும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தபோது முழு மனதோடு எடுத்தார்கள். நம்மிடம் அந்த மனம் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

-----

கோவை ரசிகை எழுதியது:

நான் உடன்படவில்லை. மரியாதையோடு சொல்கிறேன்.

பர்ன்லி, ஃப்ரைபர்க் உதாரணங்கள் இங்கே பொருந்தாது. அங்கே தோற்றால் தரமிறக்கம் உண்டு. பணம் போகும், வீரர்கள் போவார்கள். அந்த நெருப்பில் நின்று ஒருவரை நம்புவது பெரிய விஷயம். ஐஎஸ்எல்லில் இந்த 2024-25வரை கடைசி இடம் வந்தாலும் அடுத்த ஆண்டு அதே லீகில்தான் ஆடியிருக்கிறோம். தோல்விக்கு விலையே இல்லாத இடத்தில் பொறுமை என்பது எளிதாகச் சோம்பலாகிவிடும். மூன்று சீசன்களாக 27 என்பது எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

2018-19 நினைவிருக்கிறதா? சென்னையின் 9 புள்ளிகளோடு கடைசியில் இருந்த அதே சீசனில், எங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி என்ற வேறொரு கிளப், ஐஎஸ்எல்லுக்கு வெளியே நடக்கும் ஐ-லீக் என்ற தேசிய லீகின் கோப்பையை வென்றது. பயிற்சியாளர் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். பெத்ரோ மான்ஸி கோல்களைக் குவித்தார், எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற நம் பிள்ளைகள் அவரோடு தோளுக்குத் தோள் நின்றார்கள். பெரிய பெயரும் பெரிய பணமும் இல்லாமல் அது நடந்தது. நான் அந்த அரங்கத்தில் இருந்தேன். தமிழ்நாட்டில் இதற்கு மேல் ஒரு கால்பந்து மாலை இருக்க முடியாது.

இந்தியப் பயிற்சியாளர்களைப் பாருங்கள். காலித் ஜமீல் 2020-21இல் சீசன் நடுவில் நார்த்ஈஸ்ட் அணியின் பொறுப்பை ஏற்று அரையிறுதிவரை கொண்டுபோனார். இந்த சீசனில் ஜாம்ஷெட்பூரை 38 புள்ளிகளுக்கு ஏற்றியிருக்கிறார். கிளிஃபர்ட் மிராண்டா இடைக்காலப் பொறுப்பில் இருந்தே ஒடிசாவுக்கு 2023 சூப்பர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். பழைய ஸ்டாப்பர் ஐயா உள்ளூர் உதவியாளர் வேண்டும் என்கிறார். உதவியாளராகவே ஏன் நிறுத்த வேண்டும்? சபீர் பாஷா போன்றவர்களை இடைக்காலம் என்ற சொல்லோடு மட்டும் நினைவுகூர்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தலைமைப் பொறுப்பையே இந்தியர் ஒருவருக்குக் கொடுங்கள், மூன்று சீசன் கொடுங்கள்.

-----

பெரம்பூர் நீலன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கோவை அம்மா, ஜாம்ஷெட்பூரை இந்த சீசனில் இரண்டு முறையும் ஐந்து கோல் அடித்து வென்றோம், 5-1, 5-2. ஆனால் பட்டியலில் அவர்கள் நம்மைவிட 11 புள்ளிகள் மேலே. காலித் ஜமீலின் அணி மோசமான நாளை மறந்துவிட்டு அடுத்த வாரம் 1-0 என்று ஜெயிக்கத் தெரிந்த அணி. நமக்கு ஐந்து கோல் அடிக்கத் தெரிகிறது, 1-0 என்று தொடர்ந்து ஜெயிக்கத் தெரியவில்லை. இதை எழுதும்போதுதான் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது எனக்கே தெளிவாகிறது: தடுப்பாட்டப் பொறுப்பு மாறாமல் காயில் மட்டும் தொடர்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஐயா, ஒரு சந்தேகம். உதவியாளர்கள் கிளப்பின் ஆட்கள் என்றால் தலைமைப் பயிற்சியாளர் அவர்களை நம்புவாரா? தனக்குப் பின்னால் தன் நாற்காலிக்கு ஆள் தயாராகிறது என்று நினைக்கமாட்டாரா?

-----

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

நினைப்பார் தம்பி. சிலர் நினைப்பார்கள். அதனால்தான் ஒருவரை மட்டும் தன்னோடு கூட்டிவர அனுமதிக்க வேண்டும். மற்ற இடங்கள் கிளப்புக்கு. வேலைக்குச் சேரும்போதே இதைச் சொல்லிவிட்டால் ஒப்புக்கொள்கிறவர் வருவார், ஒப்புக்கொள்ளாதவர் வரமாட்டார்.

கோவை அம்மா சொன்னதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. இந்தியர் ஒருவரை மூன்று சீசனுக்கு நியமிப்பதாக இருந்தால் காயிலுக்கு நன்றி சொல்லி அனுப்புவதை நானும் ஏற்றுக்கொள்வேன். இன்னொரு வெளிநாட்டவரை ஓராண்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தால் மாட்டேன். எதுவாக இருந்தாலும் வெளிநாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். லங்காஷயர் தம்பி சொன்ன போல்டன் கோடை இங்கே வரக் கூடாது.