ஐஸ்லாந்து: காற்றில் வளைந்த கார் கதவு, உதவி தேவை

ஐஸ்லாந்து நாட்டைச் சுற்றிவரும் ரிங் ரோட்டில் தனியாக வண்டி ஓட்டி வந்த நான் ஹோஃப்ன் ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று மாலை யோகுல்சார்லோன் பனியாற்று ஏரியருகே இறங்கும்போது அடித்த காற்று, ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடுங்கி முன்னால் மடக்கிவிட்டது.

வாடகைக்கு எடுத்த டேசியா டஸ்டர், மேனுவல். கதவு முதல் கொக்கியில் மட்டும்தான் மாட்டுகிறது. மேல் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. கீலை ஒட்டிய ஓரம் ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உரசிப் பெயின்ட் உரிந்திருக்கிறது. டாஷ்போர்டில் கதவு விளக்கு அணையவே இல்லை.

கதவைத் தூக்கிப் பிடித்துச் சாத்திப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் உள்ளே கயிறு கட்டி, மெதுவாக 80 கி.மீ. ஓட்டி இங்கே வந்தேன். வாடகை நிறுவனம் தலைநகர் ரெய்க்யவிக்குக் கொண்டுவரச் சொல்கிறது. அது 450 கி.மீ.க்கு மேல், வந்த வழியே, அதே காற்றில். காற்றால் கதவு சேதமானால் இங்கே காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. சரி, செலவைப் பார்த்துக்கொள்ளலாம். ஓடும்போது கதவு திறந்துவிடுமோ என்பதுதான் பயம். இன்று ஞாயிறு, பட்டறை எதுவும் திறக்கவில்லை.

இதே மாதிரி கதவைச் சரிசெய்தவர்கள் சொல்லுங்கள்: நாளை இங்கே பட்டறையில் கீலை மட்டும் நிமிர்த்தினால், ரெய்க்யவிக் வரை கதவு தாங்குமா?