சி.வி. 275-இல் எழுதியது ஹாரனுக்கு. அணைந்தது ஓட்டுநர் அறை விளக்கு

கேள்வி: சிறுவண்டி
எச்.ஓ. அளவிலான (1:87) ஜெர்மானிய 218 வகை டீசல் மாதிரி ரயில் எஞ்சினில், கட்டளைகளைப் பெற்று ஓட்டத்தையும் விளக்கையும் ஒலியையும் இயக்கும் லோக்சவுண்ட் 5 டிகோடர் பொருத்தியிருக்கிறேன். ஹாரன் மட்டும் காதைத் துளைக்கிறது. சி.வி. என்னும் எண்ணிட்ட அமைப்புகளில் மொத்த ஒலியளவான 63-ஐக் குறைத்தால் எஞ்சின் உறுமலும் சேர்ந்து அடங்கிவிடுகிறது. என் ஒலிக்கோப்பில் ஹாரன் 3ஆம் ஸ்லாட்டில் (ஒலி இடத்தில்) இருப்பதால், சி.வி. அட்டவணையைப் பார்த்து, வண்டி ஓடும் தண்டவாளத்திலேயே சி.வி. 275-இல் 60 எழுதினேன். ஹாரன் அப்படியே இருக்கிறது. ஆக்ஸ் 1 என்ற துணை வெளியீட்டில் இணைத்திருந்த ஓட்டுநர் அறை விளக்குதான் எரியவில்லை. டிகோடர் பழுதாகிவிட்டதா?

மறுமொழி: தண்டவாளம்87
பழுது எதுவும் இல்லை. நீங்கள் கதவெண்ணை எழுதித் தெருப் பெயரை விட்டுவிட்டீர்கள். தண்டவாளம் வழியே டிகோடருக்குப் போகும் டிஜிட்டல் (டி.சி.சி.) கட்டளையில் சி.வி. எண்ணுக்கு 10 பிட் மட்டுமே இடம் இருப்பதால் 1024-க்கு மேல் போக வழியில்லை. ஒலி டிகோடர்களுக்கு அது போதாது. ஆகவே 257 முதல் 512 வரையுள்ள 256 எண்களை ஒரு சன்னலாக வைத்துக்கொண்டு, அதன் பின்னால் எந்தப் பக்கம் தெரிய வேண்டும் என்பதை சி.வி. 31, சி.வி. 32 ஆகிய இரண்டும் தீர்மானிக்கும்படி அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ.வின் தரத்தில் வகுத்திருக்கிறார்கள். உங்கள் டிகோடரில் 31-இல் 16 இருக்க வேண்டும். 32-இல் 0 இருந்தால் 275 என்பது ஆக்ஸ் 1 எப்படி எரிய வேண்டும் என்ற அமைப்பு, 1 இருந்தால் அதே 275 மூன்றாம் ஸ்லாட்டின் ஒலியளவு.

முதலில் விளக்கை மீட்டுவிடுங்கள்: 31-இல் 16, 32-இல் 0, பிறகு 275-இல் 1 என்று எழுதினால் அது சாதாரண விளக்காகிவிடும். அதன்பின் 32-ஐ 1 ஆக்கி, 275-இல் 60 எழுதுங்கள். அங்கே 128 என்பது முழு ஒலி. ஸ்லாட் ஒன்றுக்கு எட்டு எண்கள் தள்ளிப் போகும் என்பதால் முதலாவது 259, இரண்டாவது 267. சி.வி. 8-இல் 8 எழுதி எல்லாவற்றையும் அழிக்கும் அவசரம் மட்டும் வேண்டாம். முகவரி உட்பட நீங்கள் மாற்றியிருப்பவை அனைத்தும் போய்விடும்.

மறுமொழி: பழைய கார்டு
மேலே சொன்ன வரிசையை மாற்றாதீர்கள். அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஓடும் தண்டவாளத்தில் எழுதும்போது, ரெயில்காம் (டிகோடர் பதில் அனுப்பும் வசதி) இல்லையென்றால், டிகோடர் பெற்றுக்கொண்டதா என்று தெரியாது. தண்டவாளத்தில் அழுக்கு இருந்து 32-க்கான கட்டளை மட்டும் தவறிப்போனால், அடுத்து எழுதும் மதிப்பு பழைய பக்கத்தில் சத்தமில்லாமல் விழுந்துவிடும். நானும் ஒருமுறை இப்படிப் பின்விளக்கைக் கெடுத்துவிட்டு, பாவம், சாலிடரிங் இரும்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அமைப்புகளை எழுதவும் படிக்கவும் தனியே ஒதுக்கிய புரோகிராமிங் தண்டவாளத்தில் செய்தால் டிகோடர் ஏறக்குறைய 6 மில்லி செகண்டுக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுத்துப் பதில் சொல்லும். எனவே 32-ஐ எழுதியபின் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டே 275-க்குப் போங்கள்.

மறுமொழி: இரண்டாம்நடைமேடை
ஜே.எம்.ஆர்.ஐ.யின் டிகோடர்ப்ரோ என்ற கணினி மென்பொருளில் இதே அமைப்பு 16.1.275 என்று மூன்று எண்களாகக் காட்டப்படும். பக்கம் மாற்றும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் 31, 32 என்பதை எல்லா டிகோடருக்கும் பொதுவென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கியூ.எஸ்.ஐ. என்ற நிறுவனத்தின் பழைய டிகோடர்களில் அந்த வேலையைச் செய்பவை 49-உம் 50-உம்.

சிறுவண்டி
அறை விளக்கு எரிகிறது. புரோகிராமிங் தண்டவாளத்தில் 32-ஐப் படித்தபோது 0 என்றே வந்தது. 1 ஆக்கிய பிறகு 60 பிடித்துக்கொண்டது. அதுவும் சிறிய அறைக்குக் கூடுதலாக இருந்ததால் 45-இல் நிறுத்தியிருக்கிறேன்.