விலை சரியும்போது வீடு பார்த்ததில் இன்னும் உறுத்துவது எது?

சுவர்க்கோழி:
நேரா விஷயம். விலை குறைச்ச வீடு, மூணு சுவர்ல பழைய பெயின்ட், ஒண்ணுல மட்டும் புதுசு. அதுவும் இடுப்பு உயரம் வரைக்கும்தான். அந்த இடத்துல ஒரு சாண் அலுமினியத் தாளை நாலு ஓரமும் காத்துப் புகாம டேப் போட்டு ஒட்டி, ரெண்டு நாள் விட்டுப் பார்க்கணும். தாளுக்கு முன்பக்கம் வேர்த்தா அறைக் காத்தோட ஈரம், சன்னலைத் திறந்து வச்சா பெரும்பாலும் அடங்கும். உரிச்சதும் பின்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா ஈரம் சுவருக்குள்ள. அந்தத் துளிகள்தான் கண்ணை விட்டுப் போகல.

படிக்கட்டு:
ரெண்டு நாள் தாள் ஒட்ட எந்தத் தரகர் விடுவார்? வீட்டுக்குள்ள நுழைஞ்ச அஞ்சு நிமிஷத்துல பார்க்க வேண்டியது வெடிப்பு. தலைமுடி மாதிரி இருந்தா பூச்சு உலர்ந்ததால வந்தது, விடுங்க. சன்னல் மூலையில ஆரம்பிச்சு படி படியா ஏறி, ஒரு முனை மெலிசு, மறு முனை 5 மி.மீ.க்கு மேல, பக்கத்துக் கதவும் நிலையில உரசுதுன்னா அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். இன்ஜினியர் பார்க்காம விலை பேசாதீங்க.

சுவர்க்கோழி:
விடாத தரகரா? அட்வான்ஸுக்கு முன்னாடி விடலைன்னா அதுவே பதில்தானே.

கணக்குப்பிள்ளை:
சுவரையே பார்க்கறீங்க, கடனைப் பாருங்க. வீடு 100, கையிலிருந்து 10, கடன் 90ன்னு வச்சுக்கோங்க. 8% வட்டி, 20 வருஷம். ரெண்டு வருஷம் ஒழுங்கா தவணை கட்டினாலும் அசல்ல சுமார் 4 தான் கழியும், பாக்கி 86. விலை 15% சரிஞ்சா வீடு 85. வித்தாலும் கடன் அடையாது. ஆரம்பத் தவணையில பெரும்பகுதி வட்டிக்கே போறதுதான் காரணம்.

மாறும் வட்டி இன்னும் மோசம். 6%க்கு 20 வருஷம்னா லட்சத்துக்கு மாசத் தவணை 716. வட்டி 8 ஆனா 836 கட்டணும். தவணையை ஏத்தாம காலத்தை நீட்டினா 20 வருஷம் 33 ஆயிடும்! 9 ஆனா முதல் மாச வட்டியே 750, அதே 716 கட்டினா கடன் வளரும். அதனால கையெழுத்துக்கு முன்னாடி ரெண்டே கேள்வி: வட்டி ஏறினா கூடுறது தவணையா, காலமா? உச்ச வரம்பு உண்டா? பதிலை எழுத்துல வாங்குங்க.

கூரைநிழல்:
இதை யார் கேட்டா சார்? வாடகைக்காரங்க கதை வேற. சாவி வாங்கற நேரத்துல, கதவிடுக்குல உரிமையாளர் பேருக்கு வங்கியிலிருந்து வந்த உறை, "இறுதி அறிவிப்பு"ன்னு. தவணை நின்னு போன வீடு. தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு வருஷ வாடகையை மொத்தமா கொடுத்துட்டா, வங்கி வீட்டை எடுத்தப்புறம் அந்தப் பணத்தை யார்கிட்ட கேக்கறதுங்கறதே தனி வழக்கு. மாசா மாசம் வங்கி வழியா கட்டுங்க. வீடு கைமாறினா டெபாசிட் பொறுப்பு புது உரிமையாளருக்குன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி கேளுங்க. குடியேறும் அன்னிக்கே மீட்டர் அளவு, குழாய், சுவர்க்கறை எல்லாம் தேதியோட படம் எடுத்து வாடகைக்கு விட்ட உரிமையாளருக்கே அனுப்பி வைங்க.

படிக்கட்டு:
அந்தத் தாள் விஷயம், ஒட்டறதுக்கு முன்னாடி ஈரத்துணியால துடைச்சிடாதீங்க. துடைச்ச ஈரமே உள்ளே மாட்டிக்கிட்டு, நல்ல சுவரையும் கெட்டதுன்னு காட்டும்.