பழைய யூனிக்ஸ்களைக் கழற்றிவிடலாமா?

யீஷூன்வாசி:
ஒரு சின்ன சி லைப்ரரியைப் பராமரிக்கிறேன், ஓப்பன் சோர்ஸ், ஆபீஸ் முடிந்து இரவில் பார்க்கிற வேலை. உள்ளே ஐரிக்ஸ், ட்ரூ64, ஹெச்பி-யூஎக்ஸ், சோலாரிஸ் 10 என்று பழைய யூனிக்ஸ் இயங்குதளங்களுக்காக எங்கு பார்த்தாலும் இஃப்டெஃப் (தளத்துக்குத் தளம் வேறு கோடு கம்பைல் ஆகச் செய்யும் வரி). பஃபர் போதாவிட்டால் எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லாமல் ஹெச்பி-யூஎக்ஸின் எஸ்என்பிரின்ட்எஃப் (பஃபரில் எழுத்துகளை எழுதித்தரும் ஃபங்ஷன்) வெறும் -1 கொடுக்கும், அதற்காகவே பஃபரை இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி மறுபடி முயலும் ஒரு லூப் கிடக்கிறது, லினக்ஸில் அது ஓடுவதே இல்லை. இந்த மெஷின் எதுவும் என்னிடம் இல்லை, கோடு கம்பைல் ஆகுமா என்றே தெரியாது. அடுத்த பெரிய பதிப்பில் மொத்தமாகத் தூக்கலாமா?

தேதாரிக்_வேலு:
தாராளமாக. ட்ரூ64க்கு 2012 கடைசியிலும் ஐரிக்ஸுக்கு 2013 கடைசியிலும் விற்ற கம்பெனியே ஆதரவை நிறுத்திவிட்டது, ஹெச்பி-யூஎக்ஸுக்கும் 2025 டிசம்பரோடு ஸ்டாண்டர்ட் சப்போர்ட் முடிந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் 16ஆம் பதிப்பிலேயே ஹெச்பி-யூஎக்ஸ் கோடை நீக்கிவிட்டது.
பழைய கோடு சும்மா கிடக்கட்டுமே என்பார்கள், ஆனால் அது சும்மா கிடப்பதில்லை. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் சர்வரின் மெமரி கசிந்த ஓட்டை, 2014 ஹார்ட்பிளீட், நினைவிருக்கிறதா? சில தளங்களில் மல்லாக் (மெமரி ஒதுக்கித்தரும் ஃபங்ஷன்) மெதுவாக இருக்கிறது என்று ஓப்பன்எஸ்எஸ்எல் மெமரியைத் தானே சேர்த்துவைத்துத் திரும்பப் பயன்படுத்தியது, அதனால் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் மல்லாக்கில் இருந்த பாதுகாப்புக்கு அந்த ஓட்டையைப் பிடிக்க வாய்ப்பே கிடைக்கவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல்லிலிருந்து பிரிந்த லிப்ரெஎஸ்எஸ்எல் ஆட்கள் கையோடு வெட்டி எறிந்ததில் விஎம்எஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கான கோடும் உண்டு.

துவாஸ்காரர்:
கொஞ்சம் பொறுங்கள் தம்பி. எங்கள் பிளான்ட்டில் ஸ்பார்க் பிராசஸரில் சோலாரிஸ் 10 சர்வர் இன்னும் ஓடுகிறது, மாற்றணும் என்றால் லைனையே நிறுத்தணும், எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? அதோடு ஸ்பார்க்கால் ஒரு லாபமும் உண்டு: நான்கு பைட் எண்ணை ஒற்றைப்படை முகவரியிலிருந்து படித்தால் இன்டெல் கண்டுகொள்ளாமல் போய்விடும், ஸ்பார்க் அங்கேயே பஸ் எரர் கொடுத்து விழும், கோடில் உள்ள தப்பு உடனே தெரிந்துவிடும்.

தேதாரிக்_வேலு:
அண்ணே, அந்தத் தப்பை இப்போது கம்பைலரின் சானிடைசரே (ஓடும்போது தப்பைப் பிடிக்கும் வசதி) காட்டிவிடும், ஸ்பார்க் போல எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் பிக் எண்டியன் சோதனைக்கு கியூஎமு எமுலேட்டரில் எஸ்390எக்ஸ் (ஐபிஎம் மெயின்ஃப்ரேம் பிராசஸர்) போதும். ஜிசிசி கம்பைலரே தன் 10ஆம் பதிப்பில் சோலாரிஸ் 10ஐக் கைவிட்டாச்சு. உண்மையைச் சொல்லுங்கள், அந்த சர்வரில் புது லைப்ரரி ஏற்ற உங்களை விடுவார்களா?

துவாஸ்காரர்:
விடமாட்டார்கள், அதுவும் சரிதான். அப்படியென்றால் பழைய கிளையை அழிக்காமல் வையுங்கள், பாதுகாப்பு ஓட்டை வந்தால் பேட்ச் மட்டும் அதில் போடுங்கள், எதுவரை போடுவீர்கள் என்று ரிலீஸ் குறிப்பில் தேதியோடு எழுதுங்கள். ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ், சோலாரிஸ் 11.4 இரண்டையும் தொடாதீர்கள், அவை உயிரோடு இருக்கின்றன. ஜிசிசி கம்பைல் ஃபார்ம் என்ற பொது மெஷின் தொகுப்பில் ஓப்பன் சோர்ஸ்காரர்களுக்கு இலவசக் கணக்கு தருகிறார்கள், அந்த மெஷின்களும் அங்கே உண்டு.

யீஷூன்வாசி:
நன்றி அண்ணே, கணக்குக்கு இன்றே எழுதிப் போடுகிறேன். ஐரிக்ஸும் ட்ரூ64உம் இந்த வாரமே போகின்றன. சோலாரிஸ் 10க்கு ஒரு வருஷம் பேட்ச் போட்டால் உங்களுக்குப் போதுமா?