புறாவுக்கு அம்மை
(குடும்பக் குழு: வடபழனி வீடு)

பத்மா அத்தை, காலை 10:04
[புகைப்படம்]
என் புறாவுக்கு அம்மை போட்டிருக்கிறது, பாருங்கள் 😩

கார்த்திக்
இது என்ன பறவை?

பத்மா அத்தை
மரகதப் புறாடா. நம்ம மாநிலப் பறவை. என் கலரிங் புத்தகத்தில் இந்தத் தாளின் முன்பக்கம் செங்காந்தள். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு என்று ஒரு மணி நேரம் ஸ்கெட்ச் பேனாவால் பார்த்துப் பார்த்துப் போட்டேன். திருப்பினால் அத்தனை சிவப்பும் புறா மேல் பொட்டுப் பொட்டாக.

நிவேதா
இரண்டு பக்கமும் அச்சடித்த புத்தகமா அத்தை? ஸ்கெட்ச் பேனாவுக்கு ஒரு பக்கம் மட்டும் அச்சடித்ததாகப் பார்த்து வாங்கணும்.

பத்மா அத்தை
அட்டையில் '120 ஜிஎஸ்எம் கெட்டித் தாள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே. 349 ரூபாய்!

ரகு சித்தப்பா, 10:19
அக்கா, சமையலறைத் தராசு இருக்கிறதா? ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் 120 ஜிஎஸ்எம் தாள் 16 எடுத்தால் 120 கிராம் வரணும்.

பத்மா அத்தை
எட்டு தாள் ஏற்கெனவே கழன்று கையில் இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஏ4 தான்.

அம்மா
எப்படிக் கழன்றது?

பத்மா அத்தை
விரித்தால் மூடிக்கொண்டே இருந்தது அண்ணி. குழவியை மேலே வைத்தேன்.

கார்த்திக்
😂😂 பசை ஒட்டிய பைண்டிங் மேல் குழவியா!

ரகு சித்தப்பா
எட்டுக்கு 60 கிராம் வரணும். என்ன காட்டுகிறது?

பத்மா அத்தை, 10:31
[புகைப்படம்]
40

ரகு சித்தப்பா
அப்போ 80 ஜிஎஸ்எம். ஜெராக்ஸ் கடையில் போடுகிற தாள் கனம்தான். அதுவும் இந்த மழை ஈரத்தைக் குடித்துவிட்டு 40. வெயில் நாளில் இன்னும் கொஞ்சம் குறையும்.

அம்மா
கைக்குத் தடிமனாக இருந்ததே ரகு. நானும் தொட்டுப் பார்த்தேன்.

ரகு சித்தப்பா
அண்ணி, தடிமன் வேறு, எடை வேறு. பூரி மாதிரி உப்பிய தாளும் உண்டு. உள்ளே காற்றுதான், மையை ஒரே இழுப்பில் இழுத்துவிடும். அச்சகத்தில் இருந்தவரை நான் முதலில் தாளை நகத்தால் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் பேசுவேன்.

கார்த்திக்
வழவழப்பான ஆர்ட் பேப்பரில் போட்டுவிட்டால் ஊறாதே மாமா?

ரகு சித்தப்பா
ஊறாது, ஆனால் கலர் பென்சில் வழுக்கும். பென்சில் மெழுகு பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது பூச்சே ஏறாது.

நிவேதா
ஆல்கஹால் மார்க்கர் என்றால் 200 ஜிஎஸ்எம்மிலும் மறுபக்கம் வரும். நான் அடியில் எப்போதும் பழைய காலண்டர் அட்டை ஒன்று வைத்துக்கொள்வேன்.

ரகு சித்தப்பா
அக்கா, சனிக்கிழமை பாரிமுனைக்கு வா. ஆண்டர்சன் தெருவில் 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் (படம் வரைகிற கெட்டித் தாள்) வாங்கி ஏ4 அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். நிவேதா கோட்டுப்படம் வரைந்து தரட்டும். லேசர் பிரிண்டரில் எடுக்கணும், இங்க்ஜெட்டில் எடுத்தால் ஈரம் பட்டதும் கோடே கரையலாம்.

நிவேதா
பள்ளிக்கரணைப் பூநாரை வரைகிறேன் அத்தை. ஆனால் வாட்டர் கலர் மட்டும் எடுத்துவிடாதீர்கள், அதற்கு 300 ஜிஎஸ்எம் வேண்டும்.

அம்மா
ஞாயிறு என்று தள்ளிப் போடாதீர்கள், அந்தப் பக்கம் பாதிக் கடை மூடியிருக்கும்.

பத்மா அத்தை, 11:12
சரி, வருகிறேன். புறாவின் இறக்கைக்குப் பச்சையை அழுத்திப் போட்டு அம்மையை மறைத்துவிட்டேன்.

பத்மா அத்தை, 11:14
[புகைப்படம்]
இப்போது செங்காந்தள் பச்சையாகிவிட்டது 😩

நிவேதா
விரிகிற நேரத்தில் அந்தப் பூ பச்சையாகத்தான் இருக்கும் அத்தை. அப்படியே விட்டுவிடுங்கள்.