ஆஸ்திரேலியக் கால்பந்தின் ‘டிசென்ட்’: ‘நடுவர் பிணக்கு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

மெல்பர்ன் சிறுவர் கழகங்களில் பிள்ளைகளைச் சேர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘டிசென்ட்’ (நடுவரின் தீர்ப்பை ஏற்காததை அவரிடம் வெளிக்காட்டும் குற்றம்) என்ற வரிக்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. அதிருப்தி, எதிர்ப்பு, மாறுபாடு, நடுவர் அவமதிப்பு என்று இந்த இழையில் நான்கு பரிந்துரைகள் வந்துவிட்டன. நான்கிலும் எனக்குக் குறை தெரிகிறது. ஐந்தாவதாக ஒரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன். ஆனால் அதற்கு முன் இந்தக் குற்றம் களத்தில் எப்படி நிகழ்கிறது, அதற்கு என்ன விலை என்பதைச் சொல்லியாக வேண்டும். இழையில் பலரும் கிரிக்கெட்டை மனத்தில் வைத்தே எழுதுவதாக எனக்குப் படுகிறது.

சர்வதேசக் கிரிக்கெட்டில் நடுவரின் முடிவுக்கு முகம் சுளித்த ஆட்டக்காரருக்குத் தண்டனை ஆட்டம் முடிந்த பிறகு அறிக்கையாக வருகிறது. ஊதியத்தில் ஒரு பங்கு பிடிக்கப்படுகிறது, தகுதியிழப்புப் புள்ளி சேர்க்கப்படுகிறது. ஆட்டத்தின் முடிவில் ஓர் ஓட்டம்கூட மாறுவதில்லை. ஆஸ்திரேலியக் கால்பந்தில் (இது சாக்கர் இல்லை, தனி விளையாட்டு) தண்டனை அந்த நொடியே விழுகிறது, அதை அணி முழுவதும் சுமக்கிறது.

ஓர் ஆட்டக்காரருக்கு ஃப்ரீ கிக் கிடைக்கிறது. அவர் கோல் கம்பங்களிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி நிற்கிறார். அங்கிருந்து உதைத்துக் கோல் அடிப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். அவரை இழுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட எதிரணித் தடுப்பாளர் நடுவரை நோக்கி இரண்டு கைகளையும் அகல விரிக்கிறார், ‘நான் என்ன செய்தேன்?’ என்பதுபோல. விசில் மறுபடி ஒலிக்கிறது. நடுவர் கோல் திசையில் ஓடி ஐம்பது மீட்டர் தாண்டிப் புதிய இடத்தைக் குறிக்கிறார். இப்போது பந்து வைத்திருப்பவருக்கும் கோலுக்கும் இடையே இருபது மீட்டர்தான். மைதானத்தின் நீளமே 135 முதல் 185 மீட்டர் வரைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். கோல் விழுந்தால் ஆறு புள்ளிகள். விரித்த இரண்டு கைகளின் விலை அது. இந்தத் தண்டம் முன்பு பதினைந்து மீட்டராக இருந்தது, 1988இல்தான் ஐம்பதாக்கினார்கள். சிறுவர் ஆட்டங்களில் பல இடங்களில் இதை 25 மீட்டராகக் குறைத்திருக்கிறார்கள்.

நடுவரைத் திட்டக் கூடாது என்ற விதி பழையதுதான். 2022 பருவத்தில் இந்த ஆட்டத்தின் தேசியத் தொடரை நடத்தும் ஏ.எஃப்.எல். அதை இறுக்கிப் பிடித்தது. அப்போது கால்பந்துப் பிரிவின் பொறுப்பில் இருந்த பிராட் ஸ்காட், கை விரிப்பதும் விதிக்குள் அடங்கும் என்று வெளிப்படையாகவே பேசினார். அந்த ஆண்டு ஈஸ்டர் வார ஆட்டத்தில் பிரிஸ்பேன் தடுப்பாளர் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் கைகளை விரித்ததற்காக ஐம்பது மீட்டர் கொடுக்கப்பட்டபோது நாடே இரண்டு பட்டது. ஆட்டத்தின் உணர்ச்சியையே கொன்றுவிட்டார்கள் என்றனர் ஒரு சாரார். ஊர்ப்புற ஆட்டங்களுக்கு நடுவர்களே கிடைக்காத நிலையை மறுசாரார் எடுத்துக்காட்டினர். சனிக்கிழமை தொலைக்காட்சியில் நட்சத்திரம் எதைச் செய்கிறாரோ அதை ஞாயிற்றுக்கிழமை பத்து வயதுப் பையன் செய்கிறான் என்பது அவர்கள் வாதம். நான் இந்த இரண்டாவது அணி.

பெற்றோராகப் புறநகர் மைதானங்களில் நிற்பவர்களுக்கு இது தெரியும். விசிலோடு ஓடுவது பெரும்பாலும் பள்ளி மாணவரோ மாணவியோதான். ஒரு முறை பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி பந்தைப் பிடித்துவைத்திருந்ததாக ஒரு பையனுக்கு எதிராக ஊதினாள். பையன் கையை விரித்தான். வேலிக்கு வெளியே நின்ற அவன் தந்தையும் கையை விரித்தார், பிறகு குரலையும் உயர்த்தினார். அடுத்த பத்து நிமிடம் அந்தப் பெண் வேலிப்பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பக்கம் நடந்த இரண்டு தெளிவான பிழைகளுக்கு அவள் ஊதவும் இல்லை. நடுவர் அஞ்சினால் ஆட்டம் எப்படிக் கெடும் என்று அங்கே கண்ணால் பார்த்தேன். ஆகவே இந்தச் சொல்லைச் சரியாக வைப்பது எனக்கு வெறும் அகராதி வேலையாகத் தெரியவில்லை. பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு இதைத் தமிழில் சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்.

இனி பரிந்துரைகள்.

> ‘அதிருப்தி’ ஏற்கெனவே நாளிதழ்களில் புழங்குகிறது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

புழக்கத்தில் இருப்பது உண்மை. ‘நடுவர் தீர்ப்புக்கு அதிருப்தி தெரிவித்த வீரருக்கு அபராதம்’ என்று கிரிக்கெட் செய்திகளில் படித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்தத் தொடரில் உண்மையில் வேலை செய்வது ‘தெரிவித்த’ என்ற வினை. அதை எடுத்துவிட்டு ‘அதிருப்தி’ என்று மட்டும் பட்டியலில் போட்டால் அது மனநிலையின் பெயராகிவிடும். விதி மனநிலையைத் தண்டிப்பதில்லை. தீர்ப்பு தவறு என்று உறுதியாக நம்புகிற ஆட்டக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு, நடுவருக்கு முதுகு காட்டித் தன் இடத்துக்குத் திரும்பினால் எந்தத் தண்டமும் இல்லை. அவர் நெஞ்சு நிறைய அதிருப்தி இருக்கலாம், அது அவர் உரிமை. மேலும் ‘அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்’ என்று எழுதி எழுதி, அந்தச் சொல்லுக்குக் கட்சி மாறுவோரின் வாடையும் ஏறிவிட்டது.

‘எதிர்ப்பு’ பற்றி எனக்கு இன்னும் கடுமையான கருத்து உண்டு. தமிழில் எதிர்ப்பு மதிப்புக்குரிய சொல். அநீதியை எதிர்த்தவர்களைக் கொண்டாடுகிறோம். ஒன்பது வயதுக் குழந்தையிடம் ‘எதிர்ப்புக்குத் தண்டனை உண்டு’ என்று தமிழில் சொல்லிக்கொடுப்பதை நான் விரும்பவில்லை. தவறென்று தோன்றுவதைக் கேள்வி கேட்கும் பிள்ளையாக அவள் வளர வேண்டும். இந்த ஆட்டமே அதைத் தடுக்கவில்லை. எதற்காக ஊதினீர்கள் என்று நடுவரிடம் பணிவாகக் கேட்க இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு, விளையாட்டில் ‘எதிர்’ என்ற அடி ஏற்கெனவே எதிரணிக்குப் போய்விட்டது. ‘எதிர்ப்பு அதிகமாக இருந்தது’ என்று வர்ணனையில் சொன்னால் தடுப்பாட்டம் வலுவாக இருந்தது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்.

‘மாறுபாடு’ நீதிமன்றத்தில் நீதிபதி எழுதும் மாறுபட்ட தீர்ப்புக்குப் பொருத்தம். அங்கே மாறுபடுபவரும் தீர்ப்பு வழங்கும் தகுதி உடையவர். ஆட்டக்காரருக்கு அந்தத் தகுதி இல்லை. இதற்கு மேல் இதில் பேச எதுவும் இல்லை.

‘நடுவர் அவமதிப்பு’ நல்ல சொல். நீதிமன்ற அவமதிப்பை வைத்துச் செய்தது, கேட்டவுடன் விளங்குகிறது. ஆனால் இந்தக் குற்றத்துக்கு அது மிகப் பெரிய சட்டை. அதை வேறொன்றுக்காக நாம் பத்திரப்படுத்த வேண்டும். நடுவர்கள் வெள்ளை உடை அணிந்த காலத்தில் ஆஸ்திரேலியப் பார்வையாளர்கள் அவர்களை ‘வெள்ளைப் புழு’ என்று கூவினார்கள். உடையின் நிறம் மாறிய பிறகும் ‘புழு’ நிலைத்துவிட்டது. 2017இல் எலெனி குளூஃப்ட்சிஸ் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் களநடுவராக நின்ற முதல் பெண் ஆனார். அவருக்குப் பின் வருகிற பெண்கள் கேட்க நேரும் வசைகள் புழுவோடு நிற்பதில்லை. வாயால் இழிவுபடுத்துகிற இந்த வகைக்குத்தான் அவமதிப்பு என்ற பெயர் தகும்.

உடலால் தொடுவது மூன்றாவது வகை, அது விசாரணை மன்றத்துக்கே போகும். 1980இல் ஆட்டக்காரர் ஃபில் கார்மன் எல்லைக்கோட்டு நடுவரைத் தலையால் முட்டிய விவகாரத்தில் அவருக்கு மொத்தம் இருபது ஆட்டத் தடை விழுந்தது. 2021 இறுதிச்சுற்றில் டோபி கிரீன் நடுவர் மேல் உரசிச் சென்றதற்கு முதலில் மூன்று ஆட்டத் தடை, ஏ.எஃப்.எல். மேல்முறையீடு செய்த பிறகு ஆறு. இவற்றை ‘நடுவர் தீண்டல்’ என்று வைக்கலாம் என முன்பே ஓரளவு ஒத்துக்கொண்டோம். கை விரிப்பதையும் தலையால் முட்டுவதையும் ஒரே சொல்லின் கீழ் வைத்தால் பட்டியலைப் படிக்கிற பெற்றோர் குழம்பிப்போவார்கள்.

இந்த மூன்றில் மிக மென்மையான வகைக்கு நான் முன்வைப்பது ‘நடுவர் பிணக்கு’. வினை: பிணங்கு. ‘நடுவரிடம் பிணங்கினார், ஐம்பது மீட்டர்.’

பிணக்கு என்றால் ஒத்துப்போகாமை. அதில் வெறும் கருத்து மட்டும் இல்லை, முகத்திலும் நடையிலும் அதைக் காட்டுவதும் சேர்ந்தே இருக்கிறது. பிணங்கியவரை ஒருவர் பார்த்தாலே தெரியும், அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. இந்த விதிக்குத் தேவையானது அதுதான். இணங்கு, பிணங்கு என்று இணையாகச் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. தீர்ப்புக்கு இணங்கினான், பிணங்கினான் என்று எந்தப் பெற்றோரும் உடனே பயன்படுத்திவிடுவார். அவமதிப்பின் கடுமையும் இதில் இல்லை, எதிர்ப்பின் பெருமையும் இல்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் தனிமடலில் ஒரு தடையை எழுப்பினார். பொதுவில் வைப்பதற்கு உரியது என்பதால் அவர் இசைவோடு இங்கே தருகிறேன். இலங்கையில் பிணக்கு என்பது சட்டச் சொல். காணிப் பிணக்கு, தொழிற்பிணக்கு என்கிறார்கள். காணிப் பிணக்கு போன்றவற்றைத் தீர்ப்பதற்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. பிணக்குக்கு இரண்டு தரப்பு வேண்டும். நடுவரோ தரப்பு ஆகமாட்டார், பிணக்கைத் தீர்ப்பவர். ஆகவே ‘நடுவர் பிணக்கு’ தன்னைத் தானே மறுக்கும் தொடர் என்கிறார் அவர்.

இதை நெடுநேரம் யோசித்தேன். அவர் சொல்கிற அந்த முரண்தான் இந்தச் சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்ளக் காரணம். களத்தில் தரப்புகள் இரண்டு: இரண்டு அணிகள். நடுவர் அவற்றுக்கு வெளியே நிற்கிறார். தீர்ப்பு வந்த பிறகு நடுவரை நோக்கிக் கையை விரிக்கும் ஆட்டக்காரர், எதிரணியோடு இருந்த வழக்கை அப்படியே நடுவர் பக்கம் திருப்புகிறார். வெளியே நின்றவரை ஒரு தரப்பாக உள்ளே இழுக்கிறார். அறுபதாயிரம் பேர் முன்னால் அதைச் செய்தால் அறுபதாயிரம் பேரும் நடுவருக்கு எதிர்த்தரப்பாகிறார்கள். அந்தப் புறநகர் மைதானத்தில் நடந்ததும் இதுவே. பதினைந்து வயதுப் பெண் அதுவரை நடுவர், பையன் கை விரித்த பிறகு அவனுடைய தந்தைக்கு அவள் எதிராளி. தீர்ப்பவரைத் தரப்பாக்குவதே குற்றம் என்றால், அந்தக் குற்றத்தின் பெயரில் இரண்டும் உரசிக்கொண்டு நிற்பது பொருத்தமே. தொடர் தன்னை மறுக்கவில்லை, நடந்த பிழையைக் காட்டுகிறது.

இதில் ஒரு பயனும் உண்டு. 2022இல் அதிகம் அடிபட்ட கேள்வி, எந்தக் கை விரிப்பு குற்றம் என்பது. கைக்கு வந்த பந்தைத் தவறவிட்ட ஆட்டக்காரர் தன்மீதே எரிச்சல்பட்டுக் கைகளை உதறுவார். பந்தைத் தராத சக ஆட்டக்காரரைப் பார்த்தும் விரிப்பார். கையின் கோணத்தை மட்டும் பார்த்துத் தண்டித்தால் இவர்களும் அகப்படுவார்கள். அப்படிச் செய்வது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். விதியை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்கள் அதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். பிணக்கு என்று பெயர் வைத்தால் ‘யாரோடு பிணக்கு?’ என்ற கேள்வி தானாகவே எழும். தன்னோடா, தோழனோடா, நடுவரோடா? நடுவரோடு என்றால் மட்டுமே ஐம்பது மீட்டர்.

நடுவர்களுக்கு இடையேயான பிணக்கு என்று யாராவது தவறாகப் பொருள்கொள்வார்களா என்ற ஐயம் எனக்கும் வந்தது. 2023 முதல் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் களநடுவர்கள் நான்கு பேர் என்பதால் அது வெறும் கற்பனை இல்லை. அப்படி எழுத நேர்ந்தால் ‘நடுவர்களிடையே பிணக்கு’ என்று விரித்து எழுதிவிடலாம். எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல்: நடுவர் உயர்திணைப் பெயர் ஆகையால் இடையில் ஒற்று மிகாது. ‘நடுவர்ப் பிணக்கு’ என்று பட்டியலில் ஏற்றிவிட வேண்டாம்.

தண்டனையின் பெயருக்கு ‘ஐம்பது மீட்டர் தண்டம்’ போதும். ‘அபராதம்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அபராதம் என்றதும் நம் மக்கள் பணத்தைத்தான் நினைப்பார்கள், அது கிரிக்கெட்டுக்கே இருக்கட்டும். ரக்பியில் பிணங்கினால் பத்து மீட்டர் முன்னே நகர்த்துகிறார்கள், அங்கும் ‘பத்து மீட்டர் தண்டம்’ என்று தடையில்லாமல் செல்லும். இங்கிலாந்தில் அடிமட்டக் கால்பந்தில் (சாக்கரில்) 2019-20 பருவம் முதல் இதே குற்றத்துக்குப் பத்து நிமிடம் களத்துக்கு வெளியே உட்கார வைக்கிறார்கள். அதற்கு ‘பத்து நிமிட வெளியிருப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் அது நம் பட்டியலுக்கு வெளியே.

பட்டியலில் இடம்பெற வேண்டிய விளக்கத்தையும் எழுதிப் பார்த்தேன். திருத்துங்கள்:

நடுவர் பிணக்கு: நடுவரின் தீர்ப்பை ஏற்காததைச் சொல்லாலோ கை, முகக் குறிப்பாலோ நடுவரை நோக்கி வெளிக்காட்டுதல். தண்டம்: பந்து 50 மீட்டர் முன்நகர்த்தப்படும். தீர்ப்பின் காரணத்தைப் பணிவுடன் கேட்பது பிணக்கு ஆகாது.

முடிவு செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. மெல்பர்ன் தமிழரில் ஈழத்தைச் சேர்ந்தவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு மத்தியஸ்தர்தான் பழகிய சொல். பட்டியல் முழுவதும் ‘நடுவர்’ என்று போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘மத்தியஸ்தர்’ என்று பக்கத்தில் தரலாமா, அல்லது இரண்டையும் தனித்தனி வரிகளாகவே வைப்பதா? அச்சுக்குக் கொடுக்கும் முன் ஈழத்து உறுப்பினர்கள் இதில் தங்கள் கருத்தைச் சொன்னால் நல்லது.